இறந்தவர் மற்றும் பதிலளித்தவர்

1

பூஜ்யம் வரவேண்டிய இடத்தில் ஒன்று வந்தது. போர்ட் பிளேரில் ஒரு பெண் போகிறபோக்கில் சொன்ன இந்த வரியிலிருந்துதான் கதை பிறந்தது. அவளுக்கு வைஜெயந்தி என்று பெயர் வைத்தேன். மற்றவை என் கைச்சரக்கு.

(முதலில், 'கடல் அன்று அமைதியாக' என்று தொடங்கினேன். அக்காவைக் கடலுக்குக் கொடுத்தவள் கடலை அப்படிப் பார்க்கமாட்டாள். அடித்துவிட்டேன்.)

2

தென்கோடித் தீவிலுள்ள கேம்பல் பே ஊரின் சுகாதாரக் கணக்கெடுப்பை வைஜெயந்தி போர்ட் பிளேர் அலுவலகக் கணினியில் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நிபந்தனைகளை 'மற்றும்' குறியால் இணைத்தாள்: இறந்தவர் & பதிலளித்தவர். இரண்டும் பொருந்துகிறவர்கள் மட்டுமே சல்லடையில் தங்குவார்கள். செத்தவர் எங்கே பேசப்போகிறார்? யாரும் தங்கக்கூடாது.

ஒருத்தி தங்கினாள். விஜயலட்சுமி. சுனாமியில் போன வைஜெயந்தியின் அக்கா. உடல் கிடைக்கவில்லை, சான்றிதழ்தான் கிடைத்தது.

தவறி 'அல்லது' போட்டுவிட்டோமோ? இல்லை. போட்டிருந்தால் ஊரே திரண்டு வந்திருக்கும்.

3

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்த கோகுலைப் போனில் பிடித்தாள்.

"ஆமா தீதி, போனேனே. அந்த அக்கா சாய் போட்டுக் குடுத்தாங்க. எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாங்க."

"எந்த வீடு கோகுல்? அந்தத் தெருவே கடலுக்குள்ள போயிடுச்சே!"

கோகுல் குரலைத் தணித்தான்: "திரும்பி வர்றப்ப முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருந்துச்சு தீதி. மழைன்னு நினைச்சேன்."

4

மேலதிகாரி ஜெகநாதன் எட்டிப் பார்த்தார்.

"எண்ட்ரி தப்பும்மா. ஒரு 'இல்லை' போட்டு சாஃப் கர்தோ, அழிச்சிடு. ரிப்போர்ட் இன்னிக்கே மெயின்லேண்ட் போகணும்."

இல்லை என்பதற்குக் கணினி மொழியில் ஓர் ஆச்சரியக்குறி போதும். அக்கா இல்லையென்று முன்பு அரசாங்கம் எழுதிக் கொடுத்தது. இம்முறை இவள் விரல் எழுதவேண்டும்.

(இங்கே அவளை அழவைக்கப் பார்த்தேன். 'கண்ணீர் விசைப்பலகையில்' — வேண்டாம். அவளுக்குப் பயம். பயத்துக்கு அடியில் ஓர் ஆசை. என்னை நடுக்கியது அந்த ஆசைதான்.)

கடைசிக் கேள்வியைத் திறந்தாள். 'வீட்டுக்கு இன்னும் யாராவது வரவேண்டியிருக்கிறதா?'

பதில்: 'தங்கச்சி.'

5

ஒரு முடிவில் அவள் வரிசையை நீக்குகிறாள். அறிக்கை சுத்தமாகப் போகிறது. இன்னொன்றில் கேம்பல் பே கப்பலுக்கு டிக்கெட் எடுக்கிறாள். நடுவே 'அல்லது' என்று எழுதினேன். அவளுடைய கணினி மொழியில் அந்தச் சொல்லுக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்று பொருள்.

அந்த முதல் வரியைச் சொன்ன போர்ட் பிளேர்ப் பெண்ணிடமே கேட்டுவிடுவோம் என்று நேற்று மத்தியானம் போன் செய்தேன். வேறொரு பெண் எடுத்தாள். பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

"தங்கச்சி இப்பதான் வந்தா. சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. நீங்க யாரு?"

வைத்துவிட்டேன். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உங்களால் முடியுமானால் எண் தருகிறேன், நீங்கள் பேசுங்கள்.