இத்தா அறையில் ஒரு கொரிய நாடகம்

மகன் இல்ஹாமை அடக்கம் செய்த மறுவாரம் நஸார் முதலாளி மருமகளின் அறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மஸ்கெலியா பஜாரில் துணிக்கடை வைத்துத் தலை நரைத்தவர், கடையைச் சிப்பந்தியிடம் விட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது மருமகள் மேல் உள்ள இரக்கம் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊர் அப்படிப் பேசுவதில் அவருக்கு மறுப்பு இல்லை.

காரணம் வேறு. மருமகள் ஹனா இத்தா இருந்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியேறாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஆண்கள் வரமாட்டார்கள். பெண்கள் வருவார்கள். வருகிறவர்கள் அழுதுவிட்டு எழுந்து போவதில்லை. அழுது முடித்து, தேநீர் குடித்து, பிறகு கேட்பார்கள். அந்த விடியற்காலையில் குளத்துப் பக்கம் இல்ஹாமுக்கு என்ன வேலை? முந்திய நாள் வீட்டில் ஏதும் வாய்த்தர்க்கமா? மாமனார் அந்த அறைக்குப் போய்வரத் தடை இல்லை. அவர் வாசலில் உட்கார்ந்திருந்தால் பெண்கள் அழுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். ஒரு குடும்பத்தின் பேரை வெளியார் கெடுப்பதில்லை, உள்ளே இருப்பவர்களின் வாய்தான் கெடுக்கிறது என்பது அவர் கொள்கை. அந்த வாசலில் ஒருவர் காவலிருக்க வேண்டியிருந்தது. மனைவி உயிரோடு இல்லாததால் அவரே இருந்தார்.

நடந்தது என்ன என்பதை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்து வைத்திருந்தார். விடியலில் ஸுபஹுத் தொழுதுவிட்டு நடக்கப் போன மகன், மழை ஈரத்தில் வழுக்கி நீர்த்தேக்கத்தில் விழுந்துவிட்டான். திடீர் மரண விசாரணை அதிகாரியிடம் சிங்களத்தில் அதைச் சொன்னார். பள்ளிவாசல் நிர்வாகத்திடம் சொன்னார். பூண்டுலோயாவிலிருந்து வந்த சம்பந்தியிடமும் சொன்னார். பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. சொன்ன அந்த வாக்கியத்தை அவர் நம்பினார்.

மகன் சில மாதங்களாகச் சரியாகத் தூங்கவில்லை என்பது உண்மைதான். கடையில் விரித்த துணியை மடிக்காமல் அதன் மேல் கையை வைத்துக்கொண்டே நிற்பான். கண்டியில் மனநோய்க்கு ஒரு நல்ல டாக்டர் இருக்கிறார், கூட்டிக்கொண்டு போகலாமா என்று ஹனா ஒருமுறை கேட்டாள். இல்ஹாமை ‘நாநா’ என்று அழைக்கிற இளைய மகள் அஸீலாவுக்கு ஹட்டனில் ஒரு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. நம் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்று நஸார் சொன்னார். பேச்சு அதோடு நின்றது.

வாசலில் உட்கார்ந்த சில நாட்களில் ஒன்றைக் கவனித்தார். ஹனா முக்காட்டுக்குள் காதில் வயரைச் செருகிக்கொண்டு போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழில் குரல் கொடுத்த கொரிய நாடகம். இத்தா இருக்கிற பெண் காதல் நாடகம் பார்க்கிறாள் என்று வெளியே தெரிந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். ஆனால் பார்க்கிற நேரத்தில் அவள் யாரிடமும் பேசவில்லை என்பதை அவர் யோசித்தார். பேசுவதைவிடப் பார்ப்பது மேல். வயரைக் கழற்று, சத்தத்தைக் குறைத்து வை, வாசலில் நான் இருக்கிறேன் என்றார். சத்தம் கேட்டால் ஆள் வருகிற நேரம் அவருக்குத் தெரிந்து நிறுத்தச் சொல்லலாம் அல்லவா? அப்படித்தான் அந்த நாடகம் அவர் காதிலும் விழத் தொடங்கியது. இரண்டாவது வாரம் நாற்காலி திரும்பியது. மூன்றாவது வாரம் போன் தண்ணீர்க் குடத்தில் சாய்ந்து நின்றது, இருவரும் பார்த்தார்கள்.

கதை பெரிய கதை இல்லை. கடலோர ஊர் ஒன்றில் சலவைக்கடை நடத்தும் ஒரு பெண். அந்த ஊருக்கு மாற்றலாகி வரும் ஒரு பொலிஸ்காரன். பல வருடங்களுக்கு முன் அவனுடைய அண்ணன் அந்த ஊர்த் துறைமுகத்தில் செத்துக் கிடந்தான், கொன்றவன் அகப்படவில்லை. அன்றைக்கு அந்தப் பெண் எதையோ கண்டிருக்கிறாள். முதல் பகுதி முடிவதற்குள் பார்ப்பவருக்கு இது தெரிந்துவிடும். தெரியாதது பொலிஸ்காரனுக்கு மட்டும். அவள் சொன்னால் கதை முடிந்தது. சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அவள் சொல்லவில்லை. வாயைத் திறக்கும்போது போன் அடித்தது. அடுத்த முறை மழை வந்தது, இருவரும் ஒரு குடைக்குள் போனார்கள், பாட்டு முடியும்வரை நடந்தார்கள். ஆறாவது பகுதியில் பூச்செண்டோடு ஒரு பல்வைத்தியர் வந்து அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார், அவரை அனுப்பவே இரண்டு பகுதிகள் போயின. பத்தாவது பகுதியில் பொலிஸ்காரன் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிற நேரம் லொறி மோதி நினைவு தப்பியது. துறைமுகத்தில் நடந்ததை ஒவ்வொரு பகுதியிலும் திரும்பக் காட்டினார்கள். அதே மூடுபனி, அதே கயிறு, அதே நடை. வாரத்துக்கு இரண்டு பகுதிகள்தான் வெளியிட்டார்கள். அதில் பாதி, போன வாரம் பார்த்தது.

நஸார் வாடிக்கையாளரின் பேரத்தை மூன்று வார்த்தையில் முடிக்கிறவர். அவருக்கு இது பொறுக்கவில்லை.

“இவ ஏன் உள்ளதச் செல்றாளில்ல, மகள்?” என்றார் ஒருநாள்.

“செல்லிட்டா பதினாறு பகுதி எப்படி மாமா ஓட்டுற?”

“நான் கண்டேன் எண்டு செல்ல எவ்வளவு நேரம் போகும்? இவ்வளவு நேரத்துக்கு நான் ஒரு பெருநாள் யாவாரம் முடிச்சிருப்பேன்.”

“செல்லிட்டா அவன் இவள விட்டுட்டுப் போயிடுவான் எண்டு பயம்.”

“பயந்தவளுக்கு என்னத்துக்குக் காதல்? போய்த் துணியக் கழுவச் செல்லு.”

ஹனா சிரித்துவிட்டாள். கணவன் மௌத்தான பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. உடனே முக்காட்டின் முனையால் வாயை மூடிக்கொண்டாள். நஸார் அதைக் காணாதது போல இருந்தார். மருமகள் சிரித்ததில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதிகூட இருந்தது. அந்த நிம்மதியில்தான் மேலும் ஒரு வார்த்தை பேசினார்.

“ஒரு வீட்டு ஆம்புள எப்படி மௌத்தானான் எண்டு தெரிஞ்சிக்கிட்டும் வாயப் பொத்திக்கிட்டு ஈக்கிறவ, கொன்னவனுக்குக் கூட்டு. நானா இருந்தா முதல்ல இவளத்தான் உள்ள போடுவேன்.”

அந்தப் பகுதி முடியும்வரை ஹனா திரையைப் பார்க்கவே இல்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி இரண்டு பகுதிகளும் வெளியான சனிக்கிழமை பிற்பகல் காளியாயி வந்தாள். குளத்துக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், தன் கல்யாணச் சேலையிலிருந்து இந்தக் கடையில் வாங்கியவள். ஒரு பையில் பேரிக்காய் கொண்டுவந்திருந்தாள். மகளின் பேறுகாலத்துக்கு இறம்பொடைப் பக்கம் போயிருந்ததாகவும், திரும்பி வந்தபின் லயத்து வீடுகளில் இருப்பவர்கள் சொன்னபோதுதான் சின்ன முதலாளி போன செய்தி தெரிந்ததாகவும் சொன்னாள். ஹனாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. நஸார் நாற்காலியில் சற்றுச் சாய்ந்துகொண்டார்.

எழுந்து புறப்படும்போது வாசலில் நின்று அவரிடம் சொன்னாள்.

“நாந்தாங்க மொதலாளி கடைசியா தம்பிகிட்ட பேசியிருப்பேன். அன்னைக்கு வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல லீவு சொல்லிட்டு மக ஊருக்குப் போகணும்னு வெள்ளனவே வந்தேன். தம்பி குளத்தோரமா நின்னுக்கிட்டு இருந்தாரு. பொறக்கப்போற புள்ளைக்குத் துணி எடுக்கணும், கடை எப்ப தொறப்பீங்கன்னு கேட்டேன். இன்னைக்கு வராதீங்கக்கா, இன்னும் மூணு நாளைக்குக் கடை பூட்டித்தான் இருக்கும், அதுக்கப்பறம் வந்து வாப்பாகிட்ட வாங்கிக்கங்கன்னாரு. ஒங்க ஆளுங்களுக்கு ஏதோ பெருநாள் போலன்னு நெனச்சுக்கிட்டு நான் பஸ்ஸுக்குப் போயிட்டேன். சிரிச்சுக்கிட்டுத்தாங்க சொன்னாரு.”

பெருநாளுக்கு அந்தக் கடை ஒரு நாள் பூட்டும். கலவரக் காலத்தில்கூட இரண்டு நாளுக்கு மேல் பூட்டியதில்லை. மூன்று நாள் பூட்டுவது வீட்டில் ஒரு சாவு, ஒரு ஜனாஸா விழுந்தால் மட்டும்தான். நஸாரின் வாப்பா மௌத்தானபோது மூன்று நாள், மனைவிக்கு மூன்று நாள். துக்கம் மூன்று நாள் என்பது முஸ்லிம் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். காளியாயிக்குத் தெரிய நியாயமில்லை. தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது தெரியாமலே அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

நஸார் திரும்பியபோது ஹனா எழுந்து நின்றிருந்தாள். அவளும் கேட்டிருந்தாள்.

“மாமா” என்றாள்.

“போடு” என்றார். “இண்டைக்கு முடியுதுதானே. ரெண்டையும் பாத்து முடிப்போம்.”

அவள் போனை எடுத்துக் குடத்தில் சாய்த்து வைத்தாள். இரண்டு பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்தார்கள். வெளியே மழை பிடித்திருந்தது. நஸார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பதினைந்தாவது பகுதி முழுவதும் பொலிஸ்காரனும் அந்தப் பெண்ணும் கோபித்துக்கொண்டு வெவ்வேறு பாலங்களில் நின்றார்கள். பதினாறாவது பகுதியில், எப்போதோ ஒரு காட்சியில் கேட்டைத் திறந்துவிட்ட துறைமுகக் காவலாளி திடீரென்று வந்து நான்தான் கொன்றேன் என்று அழுதான். ஏன் கொன்றான் என்பதை அவசர அவசரமாகச் சொல்லி முடித்தார்கள். அந்தப் பெண் இத்தனை வாரம் மறைத்தது ஒரு ஆளின் முதுகை மட்டும். முகத்தை அவள் கண்டதே இல்லை. பிறகு பனி கொட்ட, கல்யாணம்.

“இதுக்கா?” நஸாரின் குரல் உயர்ந்தது. “ஒரு முதுகுக்கா? இத முதல் நாளே செல்லித் தொலைச்சிருந்தா என்ன?”

“கேக்கிறதுக்கு அவன் நிண்டாத்தானே மாமா செல்லலாம்” என்றாள் ஹனா. போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். “உங்கட மகனுக்கு உசிரு வேணாமாப் போயிட்டு. என்னட்ட மூணு தடவ செல்லிட்டாரு. நான் ராவெல்லாம் முழிச்சிக்கிட்டுக் கெடந்தேன். அதுக்குப் பொறகுதான் உங்கட்ட டாக்டரப் பத்திக் கேட்டேன். உங்கட்டச் செல்ல அவரும் ஒருநாள் கடையில வந்து நிண்டாரு. ஆம்புள மாதிரி இரு எண்டு செல்லி அனுப்பிட்டீங்களாம். கடைசி ராவு நான் அசந்து தூங்கிட்டேன். கண் முழிச்சப்ப அவரில்ல.”

நஸார் கூரையில் விழுகிற மழையைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்படி மாறாமல் வைத்திருக்க அவர் வாழ்நாள் முழுக்கப் பழகியிருந்தார்.

“அவன் வழுக்கி விழுந்தான்” என்றார்.

“நீங்க அப்படியே செல்லுங்க. நான் உங்களுக்கு எதிரா சந்தியில நிண்டு செல்லப் போறதில்ல. ஆனா என்னட்டக் கேட்டா வழுக்கின எண்டு எனக்குச் செல்ல ஏலா.”

“உன்னட்ட யாரு கேக்கிற? வாசல்ல நான் இருக்கேன்.”

“அஸீலா கேக்கிறா மாமா. ஒவ்வொரு நாளும் படுக்கைக்கு வந்த பொறகு கேக்கிறா. நாநா என்ன செல்லிட்டுப் போனாரு எண்டு. இவ்வளவு நாளும் நான் தூங்கின மாதிரிக் கெடந்தேன்.”

அது அவருக்குத் தோன்றவே இல்லை. மருமகள் தனியாக இருக்கக் கூடாது என்று மகளை அந்த அறையிலேயே படுக்கச் சொன்னவர் அவர்தான். ஊர் வாயையெல்லாம் வாசலில் நிறுத்தியவர், அந்த ஒரு வாயைத் தன் கையாலேயே உள்ளே அனுப்பியிருந்தார். ஹட்டன்காரர்கள் இத்தா முடிந்த கையோடு நாள் வைக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அஸீலா மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைக் காட்டத் தெரியாதவள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள்.

அவர் உள்ளே போய் மகளின் மெத்தையைச் சுருட்டினார். தலையணையையும் போர்வையையும் தன் கையாலேயே தூக்கி, தன் அறைக்குப் பக்கத்து அறையில் கொண்டுபோய்ப் போட்டார். ஹனா தடுக்கவில்லை. நகர்ந்து வழிவிட்டாள்.

அஸீலா சனிக்கிழமை டியூஷன் வகுப்பு முடிந்து குடையை உதறிக்கொண்டு வந்தாள். தன் மெத்தை இல்லாததைப் பார்த்தாள். அடுத்த அறையில் இருப்பதையும் பார்த்தாள். வாப்பா முன்னால் வந்து நின்றாள்.

“ஏன் வாப்பா மாத்தினீங்க?”

“இனி ஹனா மச்சி தனியா இருக்கப் பழகணும். நீயும் போற வீட்டுக்கு ஆயத்தமாகணும்.”

“நாநா வழுக்கித்தானே விழுந்தாரு?”

“ஓ, வழுக்கித்தான்.”

“அப்ப மாத்தத் தேவையில்லையே” என்றாள்.

அவர் மகளை ஒருநாளும் அடித்ததில்லை. அன்றைக்குக் கை எழுந்தது, பாதியில் நின்றது. அஸீலா அந்தக் கையைப் பார்த்தாள். பின்வாங்கவில்லை. பக்கத்து அறைக்குப் போய் மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தாள். அது கூடத்துத் தரையில் உரசிக்கொண்டு வந்தது. ஹனாவின் அறைக்குள் போனதும் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே முதலில் அஸீலாவின் குரல். பிறகு ஹனா பேசத் தொடங்கினாள். தாழ்ந்த, நிதானமான குரல், இடையில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கதவைத் தட்டினால் அவள் நிறுத்தியிருப்பாள். நஸார் கதவருகே போனார். கையை உயர்த்தினார். என்ன சொல்லித் தட்டுவது என்று தெரியவில்லை. தட்டினால், மறைக்க ஒன்று இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

மாலைத் தொழுகையான மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு வெளியே இறங்கினார். வீட்டுக்குள்ளிருந்து மகள் ஒரே ஒரு தரம் ‘நாநா’ என்று கத்தியது தெருவரை கேட்டது. பக்கத்து மளிகைக்கடைக்காரர் எட்டிப் பார்த்து ஸலாம் சொல்லி, வீட்டில் என்ன சத்தம் என்றார்.

“மகள் நாநாவ நெனச்சி அழுகிறா” என்றார் நஸார். அன்றைக்கு அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. முதுகை நிமிர்த்திக்கொண்டு, மழையில் குடை இல்லாமல், பள்ளிவாசலை நோக்கி நடந்தார்.