கல்யாண ரிம்

எங்கள் மினி கார் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு கல்யாண ரிம் செட் உண்டு. தங்க நிறத்தில் எட்டுக் கம்பி வைத்த அலாய் ரிம் நான்கு, பத்து அங்குலம், டயரோடு. சங்கத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் அது அந்த வீட்டுக்குப் போகும். மணமக்கள் ஏறுகிற மினியில் பூட்டி, மறுநாள் கழற்றித் துடைத்து, நட்டுகளை மைலோ டப்பாவில் போட்டு, தலைவர் மொக்தாரின் கொட்டகையில் திரும்ப வைத்துவிட வேண்டும். 'பதினோரு கல்யாணம் பார்த்த செட்' என்று சொல்லும்போது மொக்தாருக்கு நெஞ்சு நிமிரும், என்னவோ பதினோரு முறையும் அவரே மாப்பிள்ளையாக உட்கார்ந்தது மாதிரி.

பன்னிரண்டாவது என் அண்ணன் மகள் வர்டினாவின் கல்யாணம். வண்டி என்னுடையது, ஓட்டப்போவதும் நான்தான். தானா ராத்தாவில் பெண் வீட்டு விருந்து முடிந்து, மறுநாள் மணமக்களை மலையிறக்கித் தாப்பாவில் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அந்தச் சாலையில் நேராக ஓடுகிற இடத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அதற்காகவே ஈப்போவில் ஒரு டயர் கடையில் வெள்ளி நிற ரிம் ஒன்றைப் பார்த்து வைத்திருந்தேன். அலட்டல் இல்லாத ரிம், புது டயர். பத்து அங்குல டயர் வரவழைக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். நான் சரி சொல்வதற்குள் என் புருஷன் ருஸ்டி குறுக்கே விழுந்தார்.

"சங்கத்து செட் சும்மா கிடக்குது, நீ போய்ப் புதுசு வாங்குனா மொக்தார் மூஞ்சிய எங்க கொண்டு போய் வச்சுப்பாரு? என் மூஞ்சிய நான் எங்க வச்சுப்பேன்?"

"உங்க மூஞ்சி இருக்கிற இடத்துலயே இருக்கட்டும் பாங். அந்த டயருக்கு என்ன வயசு?"

"வயசா? பொண்ணா பாக்குற? டயர் பள்ளத்தப் பாரு, அப்படியே புதுசு. விரல விட்டா பாதி உள்ள போகுது."

கிளம்புகிற அன்று காலை, பூட்டிய வண்டியருகே குனிந்தேன். பள்ளம் புதிதாகத்தான் இருந்தது. விரல் நகத்தால் ரப்பரை அழுத்திப் பார்த்தேன். நகம்தான் வளைந்தது. டயர் செய்த வாரமும் வருடமும் நான்கு எண்ணாக ஒரு பக்கத்தில் மட்டும் குத்தியிருப்பார்கள். வெளிப்பக்கம் நான்கு டயரிலும் துழாவினேன், இல்லை. அது உள்பக்கம் இருந்தது. உள்பக்கம் பார்க்க வண்டியைத் தூக்க வேண்டும், அல்லது ருஸ்டி பூட்டுவதற்கு முன்னால் நான் எழுந்திருக்க வேண்டும். மனுஷன் விடிகாலை சுபுஹுத் தொழுகை முடித்த கையோடு பூட்டி முடித்துவிட்டார்.

வர்டினா வேறு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாக் சு, ஃபோட்டோக்காரர்கிட்ட தங்க ரிம்னு சொல்லிட்டேன். என் சொங்கேட் சரிகைத் துணி, மாப்பிள்ளையோட தலைப்பாகை, எல்லாம் அந்தக் கலருக்குத்தான் எடுத்தோம்."

நான் கடைசிக் குழந்தை என்பதால் அவளுக்கு மாக் சு, சின்ன அத்தை. அவள் கேட்டு நான் மறுத்ததில்லை. எனக்கு வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல் ருஸ்டியிடம் இறக்கினேன்.

"நான் ஓட்டணும்னா ஒரு கண்டிஷன். என் பழைய இரும்புச் சக்கரம் நாலும் உங்க பிக்கப்ல பின்னாடியே வரணும்."

"கல்யாணத்துக்கு இரும்புக் கடையவா ஏத்திட்டுப் போறது?"

"ஏத்துங்க. இல்லன்னா நீங்களே ஓட்டுங்க."

ருஸ்டி மினியில் உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும். ஏற்றினார். மேலே ஒரு விரிப்பைப் போட்டு, அதற்கு மேல் சீர்த் தட்டுகளை அடுக்கினார்கள். அந்தச் சக்கரங்களுக்கு ஆறு மாதத்துக்கு முன்பு நான் போட்ட புது டயர். அவற்றின் நட்டுகளை யாரையும் நம்பாமல் என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கல்யாணப் பை செங்கல் மாதிரி கனத்தது.

கிளம்பும்போதே தூறல். முன்னால் மொக்தாரின் சிவப்பு மினி, அடுத்து நான், பின்னால் சங்கத்து வண்டிகள், கடைசியில் ருஸ்டியின் பிக்கப். எல்லோரும் நான்கு விளக்கையும் மினுக்கவிட்டு, ஹாரன் அடித்து ஊரைக் கூட்டினார்கள். கல்யாண வண்டியை யாரும் முந்தக் கூடாது, அது வழியில் நிற்கவும் கூடாது. இது சங்கத்தின் வழக்கம். பதினோரு தடவையும் நிற்காமல் போனது மொக்தாரின் பெருமை.

ரிங்லெட் தாண்டும்வரை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை ஹகிமி பின்சீட்டில் குறுகிக்கொண்டு தலைப்பாகையை மடியில் வைத்திருந்தான். வர்டினா கண்ணாடியில் உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்தாள். எனக்கு மட்டும் ஸ்டியரிங்கில் ஏதோ தட்டியது. மெதுவாக, ஒரு விரலால் கதவைத் தட்டுகிற மாதிரி. வேகம் குறைத்தால் தட்டலும் மெதுவானது. கூட்டினால் அதுவும் கூடியது.

தட்டல் சக்கரத்தோடு சுற்றுகிறது என்றால் கோளாறு சக்கரத்தில்தான்.

ஹகிமியின் கைபேசியில் ருஸ்டியைப் பிடித்தேன். "பாங், முன் சக்கரம் தட்டுது. நான் நிறுத்தப்போறேன்."

"ரிப்பன் அவுந்து அடிக்கும் சல். பயப்படாத, ஓட்டு."

"ரிப்பன் ஸ்டியரிங்க ஆட்டுமா?"

குறுக்கே மொக்தாரின் குரல் வந்தது. எல்லோரும் ஒரே அழைப்பில் இருந்திருக்கிறார்கள். "சல்பியா, கல்யாண வண்டி நிக்கக் கூடாதும்மா. கீழ கொம்பாங் மேளம் அடிக்கிற பசங்க மழையில நிக்கிறாங்க. பதினோரு கல்யாணம் பாத்த செட், உன்னையா கைவிடப்போகுது?"

எதிரே முட்டைக்கோஸ் லாரி ஒன்று வளைவை முழுசாக அடைத்துக்கொண்டு ஏறியது. நான் இடது ஓரம் ஒதுங்கினேன். ஓரத்துக்கு அப்பால் மூங்கில் நுனிகள் தெரிந்தன. மூங்கிலின் அடி எங்கேயோ கீழே இருந்தது. பிரேக்கை மிதித்தபோது வண்டியின் மூக்கு இடது பக்கம் இழுத்தது. ஒரு கணம்தான். நான் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது.

"மாக் சு?" வர்டினா உதட்டுச் சாயத்தை மூடிவிட்டாள். "என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. பெல்ட்ட இழுத்துப் போடு. நீயும் போடுப்பா."

தட்டல் இப்போது காதுக்கே கேட்டது. இரண்டாம் கியரில் போட்டு எஞ்சினைக் கத்தவிட்டு இறக்கினேன். பின்னால் ஹாரன்கள் இன்னும் குஷியாக அடித்துக்கொண்டிருந்தன. பெண்ணைப் பெற்ற என் அண்ணன் அந்த வரிசையில் எங்கேயோ சிரித்துக்கொண்டு வருகிறான் என்று நினைத்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நிற்க ஓரமே இல்லை. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். கீழே சாலையோர அருவிப் பக்கம் போனால்தான் இடம். அதுவரை இந்த டயர் தாங்க வேண்டும்.

தாங்கியது. பெத்தாய்க் காயும் தேனும் விற்கும் ஒராங் அஸ்லி பழங்குடிக் கடைகள் தெரிந்ததும் விளக்கைக் காட்டித் திருப்பி, கடை முன்னால் நிறுத்தினேன்.

மொக்தார் முன்னால் போய், நான் வராததைப் பார்த்துத் திரும்பி வந்தார். குடைகூட விரிக்காமல் இறங்கினார்.

"என்ன சல்பியா இது? சங்கம் ஆரம்பிச்சதுலேர்ந்து இப்படி நின்னதில்ல! மாப்பிள்ள வீட்டுல என்ன நினைப்பாங்க?"

"அவங்க என்ன வேணாலும் நினைக்கட்டும். ஜாக்கிய எடுங்க."

ருஸ்டி ஓடிவந்தார். "சல், எல்லாரும் பாக்குறாங்க. மெதுவா போயிடலாம், இன்னும் கொஞ்ச தூரந்தான்."

"நீங்க முன் சீட்டுல உக்காந்து வர்றீங்களா? வாங்க. உங்க ரெண்டு பேரையும் ஏத்திட்டுப் போறேன், புள்ளைங்க பிக்கப்ல வரட்டும். ஏறுங்க!"

யாரும் ஏறவில்லை. ருஸ்டி ஜாக்கியை எடுத்தார்.

இடது முன் சக்கரத்தைக் கழற்றி, தங்கப் பக்கம் கீழே இருக்கும்படி நானே தரையில் கவிழ்த்தேன். உள்பக்க ரப்பர் முழுக்க வெயிலில் காய்ந்த வயல் மாதிரி வெடிப்பு. நான்கு எண்களும் இருந்தன. மொக்தார் குனிந்து படித்தார். அந்த வருடம் வர்டினா ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குக் கல்யாணம் மட்டும் ஓடிய டயரில் பள்ளம் எப்படித் தேயும்? தேயாமலே கொட்டகையில் கிழடாகியிருக்கிறது. நாங்களும் பள்ளத்தைப் பார்த்துப் பார்த்தே புதுசு என்று நம்பியிருக்கிறோம்.

டயரை நிமிர்த்தி மெல்ல உருட்டினேன். ஓரிடத்தில் பெரிய எலுமிச்சை அளவுக்குப் புடைத்திருந்தது. ருஸ்டி அதன்மேல் கை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல் பிக்கப்புக்குப் போய், சீர்த் தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கி, விரிப்பை உருவினார்.

கைப்பையைக் கவிழ்த்து நட்டுகளைக் கொட்டினேன். சங்கத்து ஆண்கள் கல்யாணச் சட்டையோடு சேற்றில் மண்டியிட்டார்கள். வர்டினா சொங்கேட்டைச் சுருட்டிக்கொண்டு கடைக்காரம்மா போட்ட முக்காலியில் உட்கார்ந்து, அந்தப் புடைப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாக் சு, ஃபோட்டோவ இடுப்புக்கு மேலயே எடுக்கச் சொல்லிடுறேன்" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், குரல் உடைந்துவிட்டது. ஹகிமி அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

மொக்தார் மட்டும் எதிலும் சேரவில்லை. கழற்றிய தங்க ரிம்கள் நான்கையும் வரிசையாகக் கிடத்திப் பார்த்துக்கொண்டு நின்றார். பதின்மூன்றாவது கல்யாணம் அவர் வீட்டில்தான். அவருடைய கடைசி மகள் மார்லியா, அடுத்த மாதம். பெண் வீடு மேலே, மாப்பிள்ளை வீடு கீழே, இதே சாலை. எங்கள் எல்லோருக்கும் அழைப்பு வந்திருந்தது.

அவர் கடைக்காரம்மாவிடம் போய் பெத்தாய் வெட்டும் பாராங் கத்தியைக் கேட்டு வாங்கிவந்தார். மழையில் உட்கார்ந்து, ஒவ்வொரு டயரிலும் குச்சியால் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினார். பிறகு டயரின் பக்கவாட்டில் கத்தியை ஓங்கி வெட்டினார். தங்க ரிம்மில் கத்தி பட்டுக் கீறியதைக்கூடக் கண்டுகொள்ளவில்லை.

"அபாங், கடையில குடுத்துக் கழட்டிக்கலாமே" என்றார் ருஸ்டி.

"வேணாம். கொட்டகைக்குப் போனா மறுபடியும் பாக்க அழகா இருக்கும். எனக்கே மனசு மாறிடும்."

நான்காவதையும் வெட்டி முடித்துவிட்டுத்தான் எழுந்தார். கத்தியைத் துடைத்துக் கொடுத்தார். என் வண்டி அதற்குள் கறுத்த இரும்புச் சக்கரங்களில் இறங்கி நின்றது. நான் ஏறிக் கதவைச் சாத்தியதும் ஜன்னல் பக்கம் வந்தார். தாடியிலிருந்து மழை சொட்டியது.

"சல்பியா, மார்லியாவ நீ ஏத்திக்கிட்டு வர்றியா? இதே சக்கரத்துல?"

"வர்றேன் அபாங்" என்றேன். "இப்ப முன்னால போங்க. மெதுவா போங்க."