டத்தோ இறங்கிய விமான நிலையம்

பினாங்குத் தமிழர் நிர்வாக ஆய்வுக் கழகம் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுப் பயணம் போயே தீரும். எதை ஆய்வது என்பது பயணச்சீட்டு எடுத்த பிறகு யோசிக்கிற விஷயம். பாலிக்குப் போய் நீர் மேலாண்மையை ஆய்ந்தார்கள். ஜேஜு தீவுக்குப் போய் முதியோர் நலனை ஆய்ந்தார்கள். மாலத்தீவில் எதை ஆய்ந்தார்கள் என்பது கழக அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஷார்லினுக்கு இன்றுவரை தெரியாது. இத்தனைக்கும் அந்த அறிக்கையை எழுதியவளே அவள்தான்.

ஷார்லின் புக்கிட் மெர்தாஜாம்காரி. புவியியல் படித்துப் பட்டம் வாங்கியவள். தினமும் கடல் தாண்டி வந்து, டத்தோ கெராமாட் சாலையில் சைக்கிள் கடைக்கு மேலே இருக்கும் கழக அலுவலகத்தைத் திறப்பாள். திறந்ததும் எதிர்ச் சுவரில் தலைவர் டத்தோ மோகனராஜின் படங்கள் பதினேழு வரிசையாகச் சிரிக்கும், தலைவராக இருந்த ஆண்டுக்கு ஒன்று வீதம். முதல் படத்தில் முடி இருந்தது. பிறகு முடி போய் டத்தோ பட்டம் வந்தது. ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்று தொண்டை அடைக்கப் பேசுவார். பேசி முடித்துத் தண்ணீர் குடித்துவிட்டு அதே நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்.

அந்த ஆண்டு, பயணத்துக்கு நிதி கொடுக்கும் குழு புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தது. பத்தாயிரம் பேருக்கும் குறைவாக வாழும் தீவு ஒன்றின் நிர்வாகத்தைத்தான் ஆய வேண்டுமாம். டத்தோ சுவரில் இருந்த உலகப் படத்துக்கு முன்னால் போய் நின்று, பசிபிக் கடலில் விரலை வைத்தார். மோதிரம் போட்ட கனமான விரல். அவர் விரலை எடுத்த பிறகுதான் அடியில் என்ன இருந்தது என்று ஷார்லினால் பார்க்க முடிந்தது. மூன்று சின்னப் புள்ளிகள். டோக்கெலாவ்.

"பேரு நல்லா இருக்கு. போட்டுரு லா," என்றார்.

அது நியூசிலாந்தின் ஆட்சியில் இருக்கும் மூன்று பவளத் தீவுகள், அங்கே விமான நிலையம் கிடையாது, சமோவாவிலிருந்து கப்பலில் ஒரு நாளுக்கு மேல் போகவேண்டும், ஊர்ப் பெரியவர் சபையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும் என்றெல்லாம் ஷார்லின் எடுத்துச் சொன்னாள். அதெல்லாம் ஏஜெண்டு பார்த்துக்கொள்வான் என்றார் டத்தோ. பட்டர்வொர்த்துக்கு ஃபெர்ரி ஏறினாலே முகம் வெளுத்து எலுமிச்சம்பழம் முகர்கிற மனிதர் அவர்.

ஆறு பேர் போனார்கள். டத்தோ, அவர் மனைவி சாந்தினி, பொருளாளர் நூர் முகம்மது, இன்னும் மூன்று செயற்குழுவினர். பன்னிரண்டு நாள் கழித்துக் கறுத்துத் திரும்பினார்கள், பூப்போட்ட சட்டையோடு. நானூறு புகைப்படங்களை ஷார்லினிடம் கொடுத்து, இரண்டு வாரத்தில் அறிக்கை வேண்டும் என்றார் டத்தோ.

ஷார்லின் படங்களைப் பார்த்தாள். நீச்சல் குளம். நீச்சல் குளத்தின் இன்னொரு பக்கம். பன்றிக் கறியைச் சூழ்ந்து நிற்கும் செயற்குழு, அதிலிருந்து தள்ளி நிற்கும் நூர் முகம்மது. கடைசியாக, கையைக் கட்டிக்கொண்டு சூரியன் மறைவதைப் பார்க்கும் டத்தோ, அவருக்குப் பின்னால் பச்சையாக ஒரு மலை. டோக்கெலாவின் மிக உயரமான இடமே ஒரு தென்னை மரத்தில் பாதி வராது. இந்த மலை எங்கே இருந்தது என்று கேட்டாள்.

"அது சைடு வியூ," என்றார் டத்தோ.

உண்மையை மறுநாள் சொன்னவர் நூர் முகம்மது. அச்சகம் வைத்திருப்பவர், தொழுகை தவறாதவர், பொய் சொல்ல வேண்டிவந்தால் இருமல் வந்துவிடும். சமோவாத் தலைநகர் அப்பியா வரைக்கும் போனார்களாம். துறைமுகத்தில் நின்ற கப்பலை டத்தோ ஏற இறங்கப் பார்த்தாராம். பிறகு, ஆய்வு என்பதைத் தூரத்தில் நின்று செய்வதுதான் நடுநிலை என்று சொல்லிவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டாராம். அனுமதிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. "என்னாலயும் ஒண்ணும் சொல்ல முடியல ஷார்லின். நானும் அந்த ஹோட்டல்லதானே சாப்பிட்டேன்," என்றார் நூர் முகம்மது. அப்போது அவர் இருமவில்லை.

ஷார்லினுக்குக் கோபம் வரவில்லை. மாலத்தீவு அறிக்கையோடே அது தீர்ந்துபோயிருந்தது. ஆனால் அறிக்கைக்காகப் படிக்க ஆரம்பித்தவளை அந்த ஊர் பிடித்துக்கொண்டது. அட்டாஃபு, நுக்குநோனு, ஃபக்காவோஃபோ என்று மூன்று தீவுகள். மொத்த மக்களையும் சுங்கை பினாங்கின் சில அடுக்குமாடிகளுக்குள் அடக்கிவிடலாம். கடலில் பிடித்த மீனை நடுவில் கொட்டி, வீட்டுக்கு இத்தனை பேர் என்று கணக்குப் பார்த்துச் சமமாகப் பங்கு போடுவார்கள். பிடிக்கப் போகாதவனுக்கும் பங்கு உண்டு. அந்த ஊருக்குத் தலைநகர் என்று ஒன்றே கிடையாது. நாட்டுத் தலைவர் பதவி வருஷத்துக்கு ஒரு தீவு என்று சுற்றிவரும். இந்த வரியைப் படித்தபோது ஷார்லினையும் அறியாமல் கண் சுவர்ப் பக்கம் போனது.

சில விவரங்கள் புரியாமல், வெலிங்டன் பக்கம் இருக்கும் டோக்கெலாவ்காரர் சங்கத்துக்கு எழுதிக் கேட்டாள். மேலே என்ற பெண்மணி பதில் போட்டார். நுக்குநோனுவில் பிறந்தவர், ஓய்வுபெற்ற நர்ஸ். ஷார்லின் கேட்ட நாலு கேள்விக்கு ஒன்பது பக்கம் பதில் வந்தது. நுக்குநோனு முழுக்கக் கத்தோலிக்க ஊர், ஷார்லினும் கத்தோலிக்கப் பெண் என்று தெரிந்ததும் இருவருக்கும் பேச்சு இன்னும் வளர்ந்தது. மகளைப் பார்க்க சிங்கப்பூர் வரப்போவதாக ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார்.

அந்தக் கடிதம் டத்தோவின் கண்ணில் பட்டது. நியூசிலாந்திலிருந்து ஒருத்தர் வருகிறார் என்ற ஒன்றை மட்டும்தான் அவர் படித்தார். அறிக்கை வெளியீட்டுக்கு வெளிநாட்டு விருந்தாளி வேண்டும் என்று வெகுநாளாக அவருக்கு ஆசை. உடனே அழைக்கச் சொன்னார். டோக்கெலாவில் பிறந்தவரிடம் டோக்கெலாவுக்குப் போய் வந்ததாக மேடையில் எப்படிப் பேசுவீர்கள் என்று ஷார்லின் இரண்டு முறை கேட்டாள். அழைப்பிதழில் தன் படம் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதில் டத்தோ மும்முரமாக இருந்தார்.

மேலே வந்து இறங்கினார். அறுபத்திரண்டு வயது, அகன்ற தோள், மாநிறம், காதோரம் ஒரு பூ. டத்தோவின் முகம் சற்றே வாடியது. நியூசிலாந்து என்று சொன்னாயே, இவர் நம்மைப் போலத்தானே இருக்கிறார் என்று ஷார்லினின் காதில் குறைப்பட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை விழா. மண்டபத்தில் முந்நூறு நாற்காலி. "நம் சிறப்பு விருந்தினர் மேலே அவர்களை மேடைக்கு மேலே அழைக்கிறோம்" என்று அறிவிப்பாளர் சொன்னதும் முன்வரிசையில் சிலர் கூரையைப் பார்த்தார்கள். மேலேயின் பக்கத்தில் ஷார்லினுக்கு ஒரு நாற்காலி. டத்தோவின் தமிழை ஆங்கிலமாக்கிச் சொல்வது அவள் வேலை.

டத்தோ ஒலிவாங்கியைப் பிடித்தால் எளிதில் விடமாட்டார். விமானம் டோக்கெலாவில் தரையிறங்கியபோது கீழே மரகதம் போல் தெரிந்ததாம். விமான நிலையத்திலேயே ஆளுநர் மாலையோடு காத்திருந்தாராம். மலையுச்சியில் சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டே அவருக்கு ஆட்சி பற்றிச் சில ஆலோசனைகள் சொன்னாராம். பாவம், வெள்ளந்தியான மக்கள், வருஷத்துக்கு ஒரு தலைவர் மாறுவதால் நிலையான தலைமை இல்லாமல் தடுமாறுகிறார்கள் என்றார்.

என்ன சொல்கிறார் என்று மேலே மெதுவாகக் கேட்டார்.

உங்கள் ஊரைப் புகழ்கிறார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். பல வருஷமாக அறிக்கைகளில் அவள் செய்து வந்ததும் அதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கையைப் பார்த்தாள். ஒன்பது பக்கம் எழுதிய கை. விமானம், மாலை, மலை, ஆலோசனை, தடுமாற்றம் என்று ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள்.

மேலே தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அவருடைய முறை வந்ததும் எழுந்து, குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் பேசினார். ஷார்லின் தமிழில் சொன்னாள்.

"எனக்கு அறுபத்திரண்டு வயசாகிறது. எங்கள் ஊரில் விமானம் இறங்கி நான் பார்த்ததில்லை. விமான நிலையம் வேண்டுமென்று நாங்கள் பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். டத்தோ எங்களுக்கும் தெரியாமல் ஒன்றைக் கட்டி, அதில் இறங்கியும் விட்டார். ஒரு மலையும் வைத்திருக்கிறார். கடல் ஏறிவருகிற எங்களுக்கு மலை ரொம்ப உதவியாக இருக்கும். எந்தத் தீவில் வைத்தார் என்று மட்டும் சொன்னால் போதும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறையப் பேர். மேலே காத்திருந்து தொடர்ந்தார். எங்கள் தலைவர் வருஷம் முடிந்ததும் அடுத்த தீவுக்காரரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விடுவார், இதுவரை யாரும் தடுமாறி விழுந்ததில்லை என்றார்.

எல்லாரையும் விடச் சத்தமாகச் சிரித்துக் கைதட்டியவர் டத்தோ. தட்டிக்கொண்டே வந்து மேலேக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை போர்த்தினால் எதையும் மூடிவிடலாம் என்பது அவருடைய பதினேழு ஆண்டு அனுபவம்.

அன்று சாயங்காலம் ஷார்லின் மேலேயை புக்கிட் மெர்தாஜாமுக்குக் கூட்டிப்போய்த் தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீட்டில் சாப்பாடு போட்டாள். சாப்பிடும்போது மேலே ஒரு விஷயம் சொன்னார். சுயாட்சி வேண்டுமா என்று டோக்கெலாவில் இரண்டு முறை வாக்கெடுப்பு நடந்தது. நியூசிலாந்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்றது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று விதி. இரண்டாவது முறை பதினாறு ஓட்டுத்தான் குறைந்தது. சரி என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். யாரும் யாரையும் துரோகி என்று சொல்லவில்லை என்றார். ஷார்லின் அவருக்கு இன்னொரு கரண்டி மீன் குழம்பு ஊற்றினாள்.

மறுநாள் ஒரு தமிழ் நாளிதழில் செய்தி வந்தது. நிருபர், மேலே பேசிய நேரத்தில் சாப்பாட்டு வரிசையில் நின்றவர், காதில் பாதிதான் விழுந்திருக்கிறது. 'பசிபிக் தீவுக்கு விமான நிலையம்: பினாங்குத் தமிழர் சாதனை' என்று தலைப்பு. கீழே பொன்னாடையோடு டத்தோவின் படம். ஒரு வாரத்துக்குள் நிபோங் திபாலில் ஒரு மன்றம் அவருக்குத் 'தீவுத் திலகம்' பட்டம் கொடுத்தது. அலுவலகத்தில் பதினெட்டாவது படத்துக்கு ஆணி அடித்தார்கள்.

மறுப்பு அனுப்பவேண்டும் என்று ஷார்லின் கடிதம் தயாரித்துக் கொண்டுபோய் நீட்டினாள்.

டத்தோ அதைப் பொறுமையாகப் படித்தார். "நான் கட்டினேன்னு நான் எங்கயும் சொல்லல. அந்தம்மாதான் மேடையில சொன்னாங்க. நீதானே மொழிபெயர்த்தே?" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றே ஷார்லின் வேலையிலிருந்து விலகும் கடிதத்தைத் தட்டச்சு செய்தாள். கூடவே இன்னொரு தாளையும் நிரப்பினாள். முன்பு ஒருமுறை கூட்டத்துக்குத் தேவையான ஆள் எண்ணிக்கை சேராமல் போனபோது, அவளை ஆயுள் உறுப்பினராக்கிக் கைதூக்க வைத்திருந்தார்கள். அதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். தலைவர் பதவிக்கு அவள் மனுப் போட்டாள். நூர் முகம்மது முன்மொழிந்தார்.

கழகத்தில் அதுவரை ஓட்டுப்பெட்டி என்ற ஒன்று இல்லை. ஒரு பிஸ்கட் டின்னைக் கழுவித் துடைத்து வைத்தார்கள். நாற்பத்தோரு பேர் வந்தார்கள். தலைவர் ஆண்டுக்கு ஒருமுறை மாறவேண்டும், பயணம் போகிறவர்கள் போனதாகச் சொல்கிற இடத்துக்குப் போயிருக்கவேண்டும் என்று இரண்டே விஷயம் பேசிவிட்டு ஷார்லின் உட்கார்ந்தாள். டத்தோ நாற்பது நிமிஷம் பேசினார். இளைஞர்களுக்கு வழிவிடுவது பற்றித்தான்.

டத்தோவுக்கு முப்பத்தெட்டு. ஷார்லினுக்கு மூன்று.

தோற்றதில் அவளுக்கு வருத்தம் இல்லை. ஒன்று அவளுடையது, ஒன்று நூர் முகம்மதுவுடையது. மூன்றாவது யார் என்பதுதான் குடைந்தது. புதிதாகச் சேர்ந்த பள்ளி அலுவலகத்தில் முதல் நாள் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் தொலைபேசி அடித்தது. டத்தோவின் மனைவி சாந்தினி அக்கா பேசினார். பன்னிரண்டு நாள் அந்த ஹோட்டலில் சேர்ந்து இருந்தவர், நானூறு படத்தில் எங்கே வந்தாலும் ஓரமாகவே நின்றவர். சுற்றிவளைக்காமல் அந்த ஓட்டு தன்னுடையது என்றார். ஏன் அக்கா என்று ஷார்லின் கேட்டாள்.

"அவரு அங்க மட்டும் தலைவரா இருந்தா பரவால்ல. வீட்டுலயும் இருபத்தொம்பது வருஷமா அவருதான் தலைவரு," என்றார் சாந்தினி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அடுத்த வருஷமும் நில்லு. என் தங்கச்சிக்கு மெம்பர் பாரம் வாங்கிட்டேன்," என்றார்.