கோட்டு மாஸ்டர் வீட்டுக் காட்டெருமை

கோட்டு மாஸ்டர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து காட்டெருமை இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, தெருவிளக்கு எரியத் தொடங்கிய நேரம். முதலில் வலது முன்னங்கால் வந்தது. கொம்புகள் அகலமாக இருந்ததால், குறுகலான மாடிப்படியில் சோபாவை ஏற்றுகிறவர்கள் திருப்புவதுபோலத் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, பிறகு முழு உடம்போடும் வெளியே வந்து நின்றது. அது அலமாரியை உடைத்தது, சுவரை இடித்தது என்றெல்லாம் தெருவில் பின்னால் பேசினார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. உடைந்தது ஒரு காபிக் கோப்பை மட்டும்; அதுவும் மாஸ்டரின் கையிலிருந்து விழுந்தது. எருமை காதை ஒருமுறை ஆட்டி, சேறு காயாத மூக்கால் மூச்சு விட்டது. மாஸ்டர் எழுந்து போய் முதல் வேலையாக வாசல் கதவைச் சாத்தினார். வீட்டு விஷயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

மூன்று தலைமுறையாக வக்கீல்களுக்கும் நீதிபதிகளுக்கும் கறுப்புக் கோட்டு தைத்த குடும்பம் அது. உள்துணி சுருங்கிவிட்டது என்று ஒரு கோட்டுகூடத் திரும்பி வந்ததில்லை. அதைவிடப் பெரிய பெருமை, அந்தக் குடும்பத்தில் சொன்ன சொல்லை யாரும் திரும்ப வாங்கியதில்லை, பெரியவர்கள் சொன்னதை யாரும் மீறியதும் இல்லை என்பது. கத்தரிக்கோல் பிடிக்க வேண்டிய வயதில் ஒரே மகன் கேமராவைப் பிடித்தான். கொடிய விலங்குகளைத் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக ஒருநாள் கேமராப் பெட்டியும் தோளுமாக வந்து நின்றான். "எருமை மாடு! மிருகத்துக்குப் பின்னாடி பெட்டி தூக்கிட்டு அலையறதுக்கா உன்னை வளர்த்தேன்? அந்தப் பெட்டியோட இந்த வாசப்படியை மிதிக்காதே" என்றார் மாஸ்டர். "சரிங்கப்பா" என்றான் மகன். வேறு குடும்பமாக இருந்தால் இரண்டு மாதத்தில் அப்பா இறங்கி வந்திருப்பார், இல்லையென்றால் பையன் பெட்டியை நண்பன் வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பான். இவன் அப்படிச் செய்யவில்லை. பெட்டியை ஒளித்துவிட்டு வருவது, பொய் சொல்லிக்கொண்டு வருவதற்குச் சமம் என்று நினைத்தான். அப்பாவின் முதுகெலும்பு அவனுக்கும் இருந்தது.

அதற்குப் பின் வந்த வருஷங்களில் சிங்கம், முதலை, ராஜநாகம், கழுதைப்புலி என்று எதையும் மாஸ்டர் விட்டுவைக்கவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டு, சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டுப் பார்ப்பார். நிகழ்ச்சி முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கும் முன் அணைத்துவிடுவார். பெயரைப் பார்த்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆனாலும் எது மகன் எடுத்தது என்று அவருக்குத் தெரியும். பையனுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம். பள்ளிச் சட்டைக்குள் பஞ்சு வைத்துத் தைத்து அதை ஊர் கண்ணில் படாமல் வைத்திருந்தவர் அவர்தான். அவன் எடுத்த படத்தில் அடிவானமும் இடது பக்கம் ஒரு நூல் சாய்ந்திருக்கும். மனைவி அடுக்களைக் கதவோரம் நின்று, "இது அவனோடதாங்க?" என்று கேட்பாள். "யாருக்குத் தெரியும். சுமாரா இருக்கு" என்பார். சுமார் என்றால் அவனுடையது. அவள் வந்து தரையில் உட்கார்ந்துகொள்வாள்.

கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து செய்தி சொன்னபோது மாஸ்டர் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சிங்கமா?"

"இல்லைங்க சார். காட்டெருமை. அதுதாங்க எல்லாத்தையும்விட ஆபத்து."

அவர்கள் நல்லபடியாகத்தான் சொன்னார்கள். மாஸ்டரின் காதில் எருமை என்ற சொல் மட்டும் விழுந்தது. சிங்கம் அடித்திருந்தால் தலை நிமிர்ந்து சொல்லலாம். எருமை முட்டிச் செத்தான் என்று எந்த முகத்தோடு சொல்வது? அந்தக் காட்டுப் பக்கம் வெள்ளம், வடிய நாளாகும், உடலைக் கொண்டுவர வழியில்லை என்றார்கள். "அங்கேயே அடக்கம் பண்ணிடுங்க" என்றார். அக்கம்பக்கத்தில் கேட்டால் பையன் வெளிநாட்டில் வேலையாக இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். வாய்விட்டு அழுதால் தெருவுக்குக் கேட்கும் என்பதால், மனைவி அடுக்களைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மகன் கடைசியாக எடுத்த படம் ஒளிபரப்பான அந்தச் செவ்வாய்க்கிழமை, அவள் அவரைக் கேட்காமல் போய் முதல்முறையாகச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். அப்போதுதான் எருமை இறங்கியது.

முதல் வாரம் மாஸ்டர் அதைக் கொன்றுவிடுவது என்றே இருந்தார். பெரிய கத்தரிக்கோலோடு அதன் கழுத்தருகே போனார். எருமை துணி வெட்டும் மேசைமேல் தாடையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தது. "அது பயத்துல முட்டுச்சு. நீங்க எதுக்குப் பயந்து அவனைத் துரத்துனீங்க?" என்றாள் மனைவி. மாஸ்டர் கத்தரிக்கோலைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, கறுப்புத் துணி ஒன்றால் எருமையைப் போர்த்தினார். அளவு கொடுக்க வந்தவர்களிடம் துணி மூட்டை என்றார். மூட்டை மூச்சு விட்டது, சில நேரம் வாலும் ஆட்டியது. வந்தவர்கள் வக்கீல்கள், எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று தெரிந்தவர்கள். காய்கறிக் கடையில் கழித்துப் போடும் கோஸ் இலையை மனைவி கூடை கூடையாக வாங்கி வந்து அதற்குப் போட்டாள்.

ஒரு மத்தியானம் அதன் முகத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தவள், "என்னங்க, இங்க வாங்க. அவன் இருக்கான்" என்றாள். எருமையின் வலது கண்ணில், கறுப்புக்குள், புல்லுக்கு நடுவே ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். இடது தோள் இறங்கியிருந்தது. முகத்தைக் கேமரா மறைத்திருந்தது. இடது கண்ணிலும் அப்படியே. வீட்டில் அவன் படம் ஒன்றுகூட இல்லை. சண்டை நடந்த அன்றே மாஸ்டர் எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருந்தார். இப்போது இருவரும் ஆளுக்கொரு கண்ணுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார்கள். "கண்ணு, அதைக் கொஞ்சம் இறக்குப்பா. உன் முகத்தைப் பார்க்கணும்" என்று தாய் கெஞ்சினாள். அவன் இறக்கவில்லை. கல்யாணமாகிப் பக்கத்து ஊரில் இருந்த மகள் வந்து, "டேய், நான்டா, அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். அசையவில்லை. மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"பெட்டியோட வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னது நீங்கதானே? அதான் அங்கேயே நிக்கிறான். நாங்க கூப்பிட்டா வர மாட்டான்பா."

"சொன்னது சொன்னதுதான்."

"அப்ப உங்க வளையாத முதுகைக் கட்டிக்கிட்டு அழுங்க."

மாஸ்டர் அழவில்லை. ஆனால் தினமும் முக்காலியில் உட்கார்ந்தார். இப்படி இரண்டு மழைக்காலம் போயிற்று. வெயில் படாத அறையில் நின்றதாலோ, வயதாலோ, எருமையின் இடது கண்ணில் பால்போல ஒரு படலம் விழுந்து, உள்ளே இருந்தவனைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடிவிட்டது. பிறகு வலது கண்ணும் ஓரத்தில் வெளுக்கத் தொடங்கியது. மாஸ்டர் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் சொட்டுமருந்து கேட்டார்.

"யாருக்கு மாஸ்டர்? அம்மாவுக்கா?"

"வீட்டுல ஒருத்தருக்கு."

"கண்ணு எப்படி இருக்கும்? சின்னதா, பெருசா?"

"பெருசு."

"பையன் எப்படி இருக்கான்? ரொம்ப நாளாச்சே பார்த்து."

மாஸ்டர் வழக்கமான பதிலைச் சொல்ல வாய் திறந்தார். சில்லறையை எண்ணி மேசைமேல் வைத்தார். மருந்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மருந்து பலன் தரவில்லை. வெள்ளை நடுக்கண்ணை நெருங்கியது. மனைவி இப்போதெல்லாம் முக்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை. எருமையின் மூச்சுக்கும் அவளுடைய மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிற்று. கால்சட்டைக்கு அளவெடுக்கக்கூட யார் முன்னும் மண்டியிடாதவர், அதற்கென்று வேலையாள் வைத்திருந்தவர், ஒரு பகல் பொழுதில் எருமைக்கு முன் இரண்டு முழங்காலையும் ஊன்றினார். கொம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டியோடவே வாடா" என்றார். "நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கிட்டேன். வா."

புல்லுக்கு நடுவே இருந்தவன் கேமராவைத் தோளிலிருந்து இறக்கினான். முகம் கறுத்திருந்தது. தாடியில் நரை விழுந்திருந்தது; அப்பாவுக்கு இந்த நரை தெரியாது. அவன் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. வெகுதூரம் நடந்து வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். தாயும் முகத்தைக் கொண்டுவந்து அவர் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கும் நேரம் அவன் தெரிந்தான். பிறகு கண் முழுதும் வெளுத்துவிட்டது.

மாஸ்டர் எழுந்து, திரைச்சீலையை விலக்கி, வாசல் கதவை இரண்டு பக்கமும் திறந்துவைத்தார். தெருவில் இறங்கி மருந்துக்கடை முன் நின்று, கோர்ட்டில் டவாலி கூப்பிடுவதுபோல உரத்த குரலில் சொன்னார்: "என் பையன் செத்துப்போயிட்டான். காட்டெருமை முட்டிச் செத்தான். படம் எடுத்துக்கிட்டு இருந்தான். நல்லா எடுப்பான்." யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் கடையை விட்டு இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து மனைவி வாய்விட்டு அழும் சத்தம் வந்தது. குழாய் மூடியிருந்தது. தெரு முழுக்கக் கேட்டது. மாஸ்டர் கதவைச் சாத்தவில்லை.

குருடான எருமை அந்த வரவேற்பறையில்தான் இருக்கிறது. வக்கீல்கள் அதன் வாலை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடி முன் நிற்கிறார்கள். புதிதாக வந்தவர் யாராவது அது என்ன என்று கேட்டால், மாஸ்டர் வாயில் கவ்விய குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுப் பதில் சொல்கிறார்.

"எருமை சார். என் பையன் கூட்டிட்டு வந்தது. கையை நீட்டுங்க."