பெனசெர்வாவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்

பெனசெர்வாவில், பஸ் போய்விட்டது என்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை. இது எங்கும் எழுதி வைக்கப்பட்டதல்ல. நகராட்சி விதிகளில் இல்லை, பாதிரியார் எவரும் பிரசங்கத்தில் சொன்னதும் இல்லை. ஆனாலும் கோட்டை மதிலுக்குள் பிறந்த ஒவ்வொருவரும் பேச்சு வந்த நாள் முதல் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். தெற்கு வாசலை ஒட்டிய கல் பெஞ்சில் அமர்ந்திருப்பவர்களில் ஒருவர் நிமிர்ந்து, பஸ் போய்விட்டதா என்று கேட்டால், நாங்கள் ‘ஜா’ என்கிறோம். எங்கள் போர்த்துகீசிய மொழியில் இந்தச் சிறு சொல் முடிந்துபோனதற்கும் பயன்படும், இதோ நடக்கப்போவதற்கும் பயன்படும். இதற்குப் பின்னால் ‘போனது’ என்று சேர்த்தால் எப்போதோ போயிற்று என்று பொருள். ‘வருகிறது’ என்று சேர்த்தால் இந்த நிமிடம் வந்துவிடும் என்று பொருள். நாங்கள் எதையும் சேர்ப்பதில்லை. ஒற்றைச் சொல்லைச் சொல்லிவிட்டு, ரொட்டிப் பையைக் கை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறோம். பொய் சொன்ன குற்றம் எங்கள் மேல் இல்லை. கேட்டவர்களும் நிம்மதியாகத் தலையசைத்துவிட்டு மறுபடி சாலையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா வண்டிகள் எங்கள் ஊருக்கு வரத் தொடங்கியது ஐம்பதுகளின் நடுவில். தொழிற்சாலைச் சங்கங்களும் தெரு வாத்தியக் குழுக்களும் வண்டி பிடித்து வந்தன. வந்தவர்கள் மதில்மேல் ஒரு சுற்று நடந்து, வட ஆப்பிரிக்க மூர்கள் ஆண்ட காலத்து நீர்த்தொட்டிக்குள் குரல் கொடுத்து எதிரொலி கேட்டு, மதில் நிழலில் போர்வை விரித்து, உப்பு மீன் உருண்டையும் பழைய செய்தித்தாளில் சுற்றிச் சூடு காத்த தக்காளிச் சோறும் சாப்பிட்டு, மாலையில் திரும்பினார்கள். வண்டியைத் தவறவிட்டவர்களில் பெரும்பாலோர் ஓட்டுநரை வாய் வலிக்கத் திட்டிக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடந்தார்கள். ஒருசிலர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட முதல் ஆளிடம் விசாரித்தார்கள். கேட்கப்பட்டவர் அவசரத்திலோ சோம்பலிலோ ‘ஜா’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒருசிலர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மறுநாள் காலையிலும் அங்கேயே இருந்தார்கள், மறு வருடமும் இருந்தார்கள். அவர்களுக்குத் தாடி வளரவில்லை. மடியில் இருந்த செர்ரிப் பழங்கள் வாடவில்லை. அவர்களைப் பொறுத்தவரை அது அதே ஞாயிற்றுக்கிழமையின் மாலை. பஸ் சற்றுத் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த காவலர் ஒருவருக்கு இந்த வழக்கம் தெரியாது. பெஞ்சின் முதல் ஆளான பதிவு அலுவலகக் குமாஸ்தா, அப்போது அங்கே தனியாக இருந்தவர், செய்தித்தாளைத் தாழ்த்தி அவரிடமும் கேட்டார். அதன் தேதியைப் பார்த்த காவலர், “எந்த உலகத்துல இருக்கீங்க சார்? நீங்க சொல்ற பஸ் போய் வருஷக்கணக்காச்சு” என்றார். குமாஸ்தா நன்றி சொன்னார். செய்தித்தாளை ஒழுங்காக மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, வாசலைக் கடந்து சாலையில் இறங்கினார். தக்கை ஓக் மரம் நிற்கும் திருப்பம் வரை அவர் நடப்பதைப் பலர் பார்த்தார்கள். திருப்பத்துக்குப் பிறகு சாலையில் செய்தித்தாள் மட்டும் கிடந்தது. காவலர் அந்த மாதமே மாற்றல் கேட்டு எழுதினார். அதன்பின் எங்கள் சோம்பல் வழக்கமாக இறுகியது.

மூடுபனி மாலைகளில், எந்த வண்டியும் இல்லாத சாலையில் ஒரு பழைய டீசல் எஞ்சின் மேடேறும் சத்தம் கேட்பதுண்டு. பெஞ்சில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்து கூடைகளைத் தூக்கிக்கொள்வார்கள். சத்தம் வாசல் வரை வந்து நிற்கும். கதவு மடங்கித் திறக்கும் ஓசையும் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது. அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் உட்காருவார்கள். அந்த நேரத்தில் நாங்கள் ஜன்னல்களைச் சாத்துகிறோம். குளிருக்காகத்தான் என்று சொல்லிக்கொள்கிறோம். அங்கோலாப் போருக்குக் கப்பலேற வேண்டிய ஒரு சிப்பாயும் அவர்களில் இருக்கிறான். சத்தம் கேட்கும்போது அவன் மட்டும் எழுவதில்லை. பஸ்ஸைப் பற்றி அவன் யாரிடமும் கேட்டதும் இல்லை.

எர்மெலிந்தா வந்தது 1964ஆம் ஆண்டு, ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு. பாரெய்ரு நகரில் தக்கை ஆலையில் வேலை செய்தவள், முப்பத்தொரு வயது, ஓயாத வாய். கணவன் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் மீன்பிடிக் கப்பலில் இருந்தான். மாலையில் ஏழு வயது மகள் கிராசியெத்தைப் பஸ்ஸில் உட்காரவைத்து, சோற்றுப் பானையை அவள் காலடியில் வைத்தபோதுதான் பானைக்கு மூடி இல்லாததைக் கண்டாள். “இரு, மூடிய எடுத்துட்டு ஓடியாந்துடறேன்” என்று இறங்கினாள். கிளம்பும் நேரத்தில் ஓட்டுநர் எல்லோரும் ஏறியாயிற்றா என்று கேட்டார். இத்தகைய பயணங்களில் அந்தக் கேள்விக்கு என்றைக்கும் ஒரே பதில்தான். பின் வரிசையிலிருந்து ஒருவன், “ஏறாதவங்கல்லாம் கையத் தூக்குங்கப்பா” என்றான். யாரும் கை தூக்கவில்லை. வண்டி முழுதும் சிரித்தது. அரைத் தூக்கத்தில் இருந்த கிராசியெத்தும், எல்லோரும் சிரிப்பதால் சிரித்தாள். தன் தாய் பின்னால் பாடிக்கொண்டிருந்த பெண்களோடு இருப்பதாக நினைத்து, ஊர் எல்லைக்குள்ளேயே தூங்கிப்போனாள்.

அக்டோபரில் கப்பல் திரும்பியதும் கணவன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஒரு குறை உண்டு: அந்த ஞாயிறுக்குப் பிறகு ஒரு நாளேனும் வயது கூடிய முகம் அவர்களுக்கு அந்நிய முகம். எர்மெலிந்தா கணவனை யாரோ கடலோடி என்று எண்ணி, மரியாதையாகக் கால்களை ஒடுக்கி இடம் விட்டாள். எதிரே நின்ற சிறுமியின் கன்னத்தைக் கிள்ளினாள்.

“நல்ல புள்ள. எனக்கும் இப்படித்தான் ஒண்ணு இருக்கு. உன்னவிட ரெண்டு விரக்கடை குட்ட. பஸ்ஸுல தூங்கிட்டிருக்கு பாவம். முழிச்சா என்னக் காணோம்னு அழும். ஏங்க, பஸ் போயிடலியே?”

கணவன் அவளைக் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பெஞ்சிலிருந்து அவளைப் பெயர்க்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல அவன் வாய் திறந்தபோது, எதிர்க் காப்பிக்கடைக்காரர் அவனைத் தோளோடு அணைத்துக் கடைக்குள் கொண்டுபோய், குமாஸ்தாவின் கதையைச் சொன்னார். வெளியே வந்தபோது அவன் மனைவியிடம் ‘ஜா’ என்றான். மகளும் ‘ஜா’ என்றாள். அடுத்த பருவத்தில் கப்பலேறியவன் திரும்பவில்லை. சிலர் கடலைச் சொன்னார்கள், சிலர் கனடாவைச் சொன்னார்கள். சிறுமியை அத்தை வளர்த்தாள்.

கிராசியெத் ஒவ்வோர் ஆண்டும் ஜூன் முதல் ஞாயிறு சுற்றுலா வண்டியில் வந்தாள். சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த புரட்சி நடந்த ஆண்டும் வந்தாள்; அன்று மதில் முழுதும் சிவப்பு எழுத்துகள் இருந்தன, பெஞ்சில் இருப்பவர்கள் அவற்றைப் படித்துவிட்டு ஏதோ சோப்பு விளம்பரம் என்றார்கள். திருமணமான ஆண்டு கணவனோடு வந்தாள், விதவையான ஆண்டு கறுப்பில் வந்தாள். காலை முதல் மாலை வரை பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தாயின் பேச்சைக் கேட்பாள். எர்மெலிந்தா அவளைத் தொடக்கத்தில் குட்டி என்று அழைத்தாள். பிறகு தங்கச்சி என்றாள். இருவருக்கும் முப்பத்தொன்றாக இருந்த ஆண்டு, ஆலையில் கூட வேலை செய்பவளிடம் பேசுவதுபோல ‘அடியே’ என்று தொடங்கி, மேஸ்திரியின் பொய்ப்பற்களைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். தான் வாழ்ந்ததில் அதுவே நல்ல நாள் என்று கிராசியெத் பின்னாளில் சொல்வாள். அடுத்து அக்கா என்றாள். ஐம்பதைத் தாண்டிய ஆண்டு, முகச் சுருக்கத்துக்கு மரியாதை தந்து, ‘வாங்கம்மா’ என்றாள். அன்று கிராசியெத் எதுவும் சாப்பிடாமல் பஸ் ஏறினாள்.

இதற்கிடையில் வெளிநாட்டவர் வரத் தொடங்கினார்கள். பெஞ்சில் இருப்பவர்களைப் பழங்கால உடை அணிந்த நடிகர்கள் என்று எண்ணிப் படம் எடுத்தார்கள். நகராட்சி அதை மறுக்கவில்லை. பெஞ்சுக்கு மேல் ஒரு கூரை மட்டும் போட்டுக்கொடுத்தது.

சென்ற ஜூன் முதல் ஞாயிறும் கிராசியெத் வந்தாள். வழக்கம்போல நேரே பெஞ்சுக்குப் போகவில்லை. எதிர்க் காப்பிக்கடைக்குள் வந்து அமர்ந்தாள். அன்று அவள் தந்தையைத் தடுத்தவரின் மகன் வென்சலாவ்தான் இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிறார். எழுபதை நெருங்கியவர், கிராசியெத்தைச் சிறு வயதிலிருந்தே தெரியும்.

“என்ன இது, பாதியா வந்திருக்கே? மீதிய பாரெய்ருவுலயே விட்டுட்டு வந்துட்டியா?” என்றார்.

“அது முன்னாடியே போயிடுச்சு. மிச்சமும் பின்னாடியே போகுதாம். டாக்டர் சொல்லிட்டாரு. அடுத்த ஜூனுக்கு நான் வரமாட்டேன், வென்சலாவ்.”

அவர் கோப்பையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் துடைத்த கோப்பையையே மறுபடி துடைத்தார்.

“அம்மாவ நாங்க பாத்துக்குறோம்” என்றார். “எங்கப்பா பாத்தாரு, நான் பாக்குறேன், எனக்கப்புறம் எம்மவ பாப்பா. கேட்டா ஜா-ன்னு சொல்ல ஆளா இல்ல?”

“சொல்லுவீங்க. தெரியும். அவ எதுக்குக் காத்திருக்கா? பஸ்ஸுல ஒரு புள்ள தனியா தூங்குது, முழிச்சா அழும்னு. நான் செத்தப்புறமும் அந்தப் புள்ள பஸ்ஸுல தனியாவே இருக்கணுமா?”

“இங்க பாரு, சொன்னா அவங்க எழுந்துருவாங்க. அந்தத் திருப்பம் வரைக்கும்தான். அதுக்கப்புறம் உனக்கே அம்மா இல்ல.”

“எனக்கு ஏழு வயசுலேர்ந்து அம்மா இல்ல” என்றாள் கிராசியெத். “பெஞ்சு இருக்கு.”

“பெஞ்சுல மத்தவங்களும் இருக்காங்களே. அவங்க காதுலயும் விழும்ல?”

அவள் பெஞ்சைப் பார்த்தபடி காப்பியைக் குடித்து முடித்தாள். மாலையில் அவளால் பஸ் வரை நடக்க முடியுமா என்று வென்சலாவ் கேட்டார். முடியும் என்றாள். காப்பிக்குக் காசு வாங்க மறுத்தார். அவள் வற்புறுத்தவில்லை.

அன்று பகல் முழுதும் கிராசியெத் தாயருகே இருந்தாள். எர்மெலிந்தா அவளைப் பாட்டி என்று அழைத்தாள். வெயில் படாத பக்கம் உட்காரச் சொன்னாள். விதவையான பிறகு வேறொரு கிழவரைக் கட்டிக்கொள்ளாமல் இருந்ததற்குப் பாராட்டினாள். “ஆம்பள ஒண்ணு வீட்டுல இருந்தா அது ரெண்டாவது சமையக்கட்டு பாட்டி. எங்காளு கடல்ல இருக்குறது எனக்கு எவ்ளோ நிம்மதி தெரியுமா? ஆனா வந்துட்டா கப்பல் வாடையோடவே கட்டிக்குவேன்” என்றாள். சிப்பாய் தலை குனிந்து சிரித்தான். கூரையின் நிழல் மெல்ல நீண்டு சாலையைத் தொட்டது. மதில்மேல் போனவர்கள் இறங்கி வந்தார்கள். சுற்றுலா வண்டி வாசலுக்கு வெளியே எஞ்சினை ஓடவிட்டு நின்றது. அது புதிய வண்டி, குளிர்சாதனம் உள்ளது. பெஞ்சில் இருப்பவர்களின் கண்ணில் இத்தகைய வண்டிகள் படுவதில்லை.

கிராசியெத் எழுந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழ நேரமானது. எர்மெலிந்தா அவள் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

“போயிட்டு வாங்க பாட்டி. போற வழியில யாரையாச்சும் கேட்டுச் சொல்லுங்க. இல்ல, உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்ல? பஸ் போயிடலியே?”

வென்சலாவ் கடை வாசலில் நின்றிருந்தார், தோளில் துடைக்கும் துணி. ரொட்டி வாங்கித் திரும்பிய இரண்டு பெண்கள் நடையைத் தளர்த்தினார்கள். எங்கள் ஊரில் இந்தக் கேள்வி காதில் விழுந்தால் யாரும் நிற்பதில்லை, அன்று நின்றார்கள். கிராசியெத் தாயின் கை தன் முழங்கையில் இருப்பதைப் பார்த்தாள். அதன்மேல் தன் கையை வைத்தாள். ‘ஜா’ என்றாள். வழக்கப்படி அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். சிப்பாய் நிமிர்ந்து பார்த்தான்.

“ஜா... போயிடுச்சும்மா” என்றாள், தெரு முழுதும் கேட்கும்படி. “அன்னிக்கே போயிடுச்சு. நானும் அதுலதான் போனேன். வழியெல்லாம் தூங்கிட்டேன், அழவே இல்ல. பத்திரமா வீடு போய்ச் சேந்தேன்.”