பனிமலைக்கு ஆரோட போனவர்

சிவகௌரி சவப்பெட்டிக்குள் கைவிட்டுக் கணவன் நித்தியானந்தனின் சால்வையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அந்த வெள்ளைக்காரி வந்து எதிர்ப்பக்கத்தில் நின்றாள். அறுபது தாண்டியிருக்கும். கட்டையாக வெட்டிய நரைமயிர், காற்றிலும் வெயிலிலும் சிவந்துபோன முகம். கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி போட்ட இடம் வெளிறிக் கிடந்தது. சேலைகளுக்கு நடுவில் நீலநிறத் தடித்த ஜாக்கெட்டோடு நின்றவள், பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டி நித்தியானந்தனின் வலது முழங்காலில் வைத்தாள்.

கையைத் தொடலாம். நெற்றியைத் தொடலாம். பாதத்தைத் தொட்டுக் கும்பிடலாம். செத்த மனுசனின் முழங்காலை ஆர் தொடுவார்கள்? அதுவும் சும்மா தொடவில்லை, இரண்டு தரம் தட்டியும் கொடுத்தாள்.

"ஆரடி உவள்?" என்று விமலாதேவி பின்னாலிருந்து காதுக்குள் கேட்டாள். நித்தியானந்தனின் மூத்த அக்கா. தம்பிக்காக அழுத கண்ணீர் காய முதலே கண் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

"தெரியாது மச்சாள்."

"உனக்குத் தெரியாது. தம்பிக்குத் தெரிஞ்சிருக்கு. முழங்காலைத் தடவுறாள், பார்."

பார்க்காமல் இருக்கச் சிவகௌரி என்ன குருடியா? சனிக்கிழமை செய்தி வந்த நேரத்திலிருந்து அவள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

பிரைட் என்ற ஊருக்கு மேலே, அவர்கள் இருக்கும் கிரான்பர்னிலிருந்து நாலைந்து மணி நேரம் காரில் போகிற பனிமலை. சறுக்க வருகிறவர்களை மேலே ஏற்றுகிற லிப்ட் வரிசையில் நின்ற மனுசன் அப்படியே சரிந்தாராம். இதயம். உதவிக்கு ஆட்கள் ஓடிவந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மகள் சயந்தினி போய், அவருடைய பையை எடுத்துவந்தாள். பைக்குள் ஈரக் காலுறை, தொப்பி, ஜாக்கெட். அடியில் கறுப்பு நிறத்தில் முழங்காலுக்குக் கட்டுகிற கவசம் இரண்டு. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததிலிருந்துதான் சிவகௌரிக்கு நெஞ்சு அரிக்கத் தொடங்கியது.

நித்தியானந்தன் கோயிலில் கீழே இருக்கமாட்டார், கதிரை கேட்பார். குசினியில் விழுந்த கரண்டியை எடுத்துத் தரச் சொன்னால், "முழங்கால் மடங்குதில்லை கௌரி" என்பார். அவளும் ஒரு சொல் சொல்லாமல் குனிந்து எடுப்பாள். ரயில் பட்டறையில் முப்பது வருடம் நின்று வேலை செய்த கால்தானே என்று இரவில் எண்ணெயும் போட்டுவிடுவாள். இப்போது சயந்தினி சொல்கிறாள், அப்பா அங்கே செய்தது சாதாரணப் பனிச்சறுக்கல் இல்லையாம், டெலிமார்க்காம். குதிக்கால் சறுக்குப்பலகையோடு பூட்டுப்படாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு காலை முன்னுக்கு விட்டு, மற்ற முழங்காலைப் பனியில் முட்டுகிற அளவுக்கு மடக்கவேண்டும். மலையின் உச்சியிலிருந்து அடிவாரம் வரை மாறி மாறி முழந்தாளிட்டபடி இறங்குகிற வித்தை.

வீட்டில் கரண்டிக்கு மடங்காத முழங்கால் அங்கே ஆருக்காக மடங்கியது?

பென்சன் எடுத்த வருடம் பட்டறைக்காரரோடு பஸ்ஸில் ஒரு நாள் போய்வந்தார். அன்றைக்குப் பிடித்த விசர். அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் மாதத்தில் இரண்டு மூன்று தரம் மலைக்குப் போனார். போகிற அன்று விடிய எழும்பிச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பது சிவகௌரியின் வேலை. ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஏன் இரண்டு என்று கேட்டால், "மலையில பசிக்கும்" என்பார். வீட்டில் ஒரு கோப்பைச் சோற்றையே மிச்சம் வைக்கிற ஆள்.

ஆக, இவள்தான் அந்த இரண்டாவது பார்சல்.

குருக்கள் வாய்க்கரிசிக்குப் பெண்களைக் கூப்பிட்டார். வரிசை நகர்ந்தது. வெள்ளைக்காரி மரியாதையாக ஒதுங்கிச் சுவரோடு போய் நின்றாள்.

"நல்லது, அங்கயே நிக்கட்டும்," என்றாள் விமலாதேவி. "கிட்ட விடாதை."

சிவகௌரிக்கு வேறு யோசனை ஓடியது. வரட்டும். வந்து, பெண்சாதி பார்த்துக்கொண்டு நிற்க, அவருடைய வாயில் அரிசி போடட்டும். களவு இருந்தால் கை நடுங்கும். கை நடுங்காவிட்டாலும் கண் நடுங்கும். அவள் சுவர்ப்பக்கம் பார்த்துக் கையை அசைத்துக் கூப்பிட்டாள்.

"அம்மா, என்ன செய்யிறீங்கள்?" சயந்தினி பதறினாள். "ஷீ இஸ் நொட் பமிலி."

"வரட்டும் பிள்ளை."

வெள்ளைக்காரி வந்தாள். தாம்பாளத்திலிருந்து சிவகௌரியே ஒரு கிள்ளு அரிசியை எடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு அவளின் கண்ணைவிட்டுத் தன் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கண் நீலமாக, நிறையக் கண்ணீரோடு, நேராக அவளைப் பார்த்தது. "தாங்க் யூ," என்றாள் வெள்ளைக்காரி. கையை உயர்த்தினாள். அரிசியைத் தன் வாயில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி மெல்லத் தொடங்கினாள்.

பச்சையரிசி நறநறவென்று கடிபட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த கிழவி ஒருத்திகூட நிறுத்திவிட்டாள்.

"ஐயோ சிவனே!" என்றாள் விமலாதேவி.

சயந்தினி ஓடிவந்து காதில் ஏதோ சொல்ல, வெள்ளைக்காரி வாயைப் பொத்தினாள். முகம் இன்னும் சிவந்துபோனது. தங்கள் தேவாலயத்தில் பாதிரியார் கையில் வைப்பதைத் தாங்கள் சாப்பிடுவோம், அப்படி நினைத்துவிட்டேன், மன்னியுங்கள் என்று திக்கித் திக்கிச் சொன்னாள். சிவகௌரிக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பெட்டிக்குள் புருசன் கிடக்கச் சிரிக்கலாமா? சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"அழட்டும், விடுங்கோ," என்று ஆரோ சொன்னார்கள்.

அடங்கியதும் இன்னொரு கிள்ளு அரிசியைக் கொடுத்து, அந்தக் கையைப் பிடித்து அவருடைய வாயருகே கொண்டுபோனாள். காய்த்துப்போன கை. நடுக்கமில்லை. களவு செய்த கை இப்படி இருக்காது என்று பட்டது. ஆனால் சந்தேகம் அவ்வளவு லேசில் விட்டுப்போகிற சாமானா? வெட்கத்தோடு வெள்ளைக்காரி வெளியே போக, மண்டபத்தின் பக்கக் கதவால் சிவகௌரியும் பின்னாலேயே போனாள். "அம்மா, எங்க போறீங்கள்?" என்றபடி சயந்தினியும் வந்தாள்.

கார்கள் நிறுத்தியிருந்த இடத்தில் அவளைப் பிடித்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்த ஆங்கிலம் இருந்தது. சுற்றிவளைக்கவில்லை.

"நீங்கள் என்ர புருசனுக்கு ஆர்?"

வெள்ளைக்காரி அந்தக் கேள்வியில் ஒளித்துவைத்திருந்ததை விளங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. பெயர் மோனிகா என்றாள். மலையில் டெலிமார்க் பழக்குகிறவள். தன்னிடம் வந்தவர்களிலேயே வயது கூடியவரும் அதிகம் விழுந்தவரும் நிட்டிதான் என்று நித்தியானந்தனின் பெயரைச் சுருக்கிச் சொல்லிச் சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. அங்கே நின்ற காரைக் காட்டினாள். உள்ளே ஒரு கிழவர் காலில் கட்டோடு இருந்து மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவளுடைய கணவராம். இறங்கி வர முடியவில்லையாம்.

"நாங்கள் மூன்று பேரும்தான் எப்போதும் ஒன்றாகச் சாப்பிடுவோம். உங்கள் சாப்பாடு! அந்தக் கத்தரிக்காய்க் கறியில் ஒரு துளிகூட மிச்சம் விடமாட்டோம். கௌரி தந்துவிட்டது என்று சொல்லித்தான் திறப்பார்."

"அவருக்கு முழங்கால் நோ இருந்ததே?"

"எப்போதும் இருந்தது. அந்த வலது முழங்கால்! மத்தியானத்துக்குப் பிறகு அதன்மேல் பனியை அள்ளி வைத்துக்கொண்டு இருப்பார். வலிக்கிறது என்றால் மடக்காதே என்று சொல்வேன். பிறகும் போய் மடக்குவார்."

சிவகௌரி ஒரு பெருமூச்சு விட்டாள். நாலு நாளாக நெஞ்சில் ஏறியிருந்தது இறங்கியது. நோ உண்மை. பசி உண்மை. ஒருத்தியும் இல்லை. மனுசன் நல்ல மனுசன்தான். இந்த வெள்ளைக்காரிக்கு ஒரு தேத்தண்ணியாவது குடுக்காமல் அனுப்பக்கூடாது என்றுகூட யோசித்தாள்.

அப்போது மோனிகா அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்கள் ஒரு தடவையாவது வந்திருக்கலாம். ஒவ்வொரு வருடமும் உங்களைக் கூப்பிடுகிறேன் என்பார். ஒவ்வொரு வருடமும் நீங்கள் மாட்டேன் என்கிறீர்களாம். குளிர் உங்களுக்குப் பிடிக்காதாம். அடுத்த வருடம் விடாதே, இழுத்துக்கொண்டு வா என்று நாங்கள் சண்டை பிடிப்போம்."

சிவகௌரி தன் கைகளை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

ஒருநாளும் கேட்டதில்லை. "வாறியா" என்ற ஒரு சொல், அது அந்த வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. பையைத் தூக்குவார், பார்சலை வாங்குவார், "போட்டு வாறன்" என்பார், கார் போய்விடும். முதல் வருடம் அவள் கம்பளிக் கையுறைகூட வாங்கி வைத்திருந்தாள். கேட்டால் உடனே வெளிக்கிடலாம் என்று. மானம் கெட்டு நானாகக் கேட்பதா என்று அவளும் பேசாமல் இருந்தாள். கடைசியில் அந்தக் கையுறை ஆருக்கோ பரிசாகப் போனது.

ஒரு பொம்பிளை இருந்திருந்தால் மயிரைப் பிடித்து ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம். இப்போது ஆரோடு சண்டை போடுவது? அவர் ஒருத்தியோடும் போகவில்லை. அவளோடு போகாமல் இருக்கத்தான் போயிருக்கிறார். நொந்த முழங்காலையும் மடக்கிக்கொண்டு போயிருக்கிறார்.

"அம்மா," சயந்தினி மெதுவாகத் தமிழில் கேட்டாள், "அப்பா உங்களைக் கேட்டவரே?"

மோனிகா பதிலுக்காக ஈரக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தாள். காருக்குள் இருந்த கிழவரும் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஓம்," என்றாள் சிவகௌரி. பிறகு அவர்களுக்கும் விளங்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள். "ஒவ்வொரு வருசமும் கேட்டவர். நான்தான் மாட்டன் எண்டனான். எனக்குக் குளிர் கொஞ்சமும் ஒத்துவராது."

மோனிகா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். சிவகௌரி கையைத் தொங்கவிட்டபடி நின்று கொடுத்தாள்.

"கௌரி! பெட்டி மூடப்போகினம், கெதியா வா!" விமலாதேவி கதவடியில் நின்று கத்தினாள்.

இந்த நாட்டு ஆடி மாதத்துக் குளிர்காற்று கார்களுக்கு நடுவால் வந்து சேலையைத் தூக்கியது. மெல்லிய ரவிக்கைக்கு வெளியே கை மயிர் சிலிர்த்து நின்றது. சயந்தினி தன் கோட்டைக் கழற்றித் தாயின் தோளில் போடப் போனாள்.

"குளிருது அம்மா. போடுங்கோ."

"வேண்டாம். எனக்குக் குளிரேல்லை."

சிவகௌரி முன்னால் நடந்தாள். சயந்தினி கோட்டைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.