ஒரு கிராம் கரியில் குடித்தனம்

வேர்க்கடலை ஓட்டிலிருந்து ஆராய்ச்சியாளர் செய்த கரித்தூள் மொத்தம் ஒரு கிராம். அதற்குள் அவருடைய நாத்தனாரும் நாத்தனாரின் கணவரும் குடிபோனார்கள். கல்யாணமாகி ஒரு வருஷமாகியும் அவர்களுக்குச் சேர்ந்திருக்க இடம் கிடைக்கவில்லை. அவள் அண்ணன் வீட்டுச் சமையலறையில் படுத்தாள். கணவர் தான் வேலைபார்த்த அச்சகத்து மாடியில் மூன்று பேரோடு படுத்தார். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் சந்தித்து, வருகிற பஸ்ஸையெல்லாம் விட்டுக்கொண்டிருப்பார்கள்.

ஓடுகளை இடித்து, பொட்டாஷ் கலந்து, காற்றுப் புகாத உலையில் சுட்டு, அலசி உலர்த்தியதில் கரியெங்கும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுந்திருந்தன. அத்தனை துளைகளின் சுவர்களையும் விரித்தால் எவ்வளவு பரப்பு வரும் என்பதை, எவ்வளவு நைட்ரஜன் ஒட்டுகிறது என்று பார்த்து அளப்பார்கள். இந்தத் தூள் ஒரு சிலிண்டரையே குடித்துவிட்டு இன்னும் கேட்டது. மெஷின் கோளாறு என்றார் ஆய்வகப் பேராசிரியர். மறுநாள் சாப்பாடு கொண்டுவந்த நாத்தனாரின் துப்பட்டா நுனி கரிக் குப்பிக்குள் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் அதன் பின்னாலேயே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலை மட்டும் வெளியே வந்தது.

“அண்ணி, உள்ள ஊரே குடியிருக்கலாம். சந்துதான் ரொம்பக் குறுகல், ஒருக்களிச்சு நடக்க வேண்டியிருக்கு.”

துளையை அகலமாக்க வழி இருந்தது. அவள் வெளியே வந்ததும் அண்ணி கரியை மறுபடி உலையில் வைத்து நீராவி விட்டார். அடுத்த வாரம் தம்பதி இரண்டு தலையணையும் ஒரு மேஜை விசிறியுமாக உள்ளே போனார்கள். மாப்பிள்ளைக்கு நன்றாகப் பாட வரும் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

கட்டுரை வெளிவர ஒரு சோதனை பாக்கியிருந்தது: கரியை எரித்து, மிஞ்சும் சாம்பலை நிறுக்க வேண்டும். பேராசிரியர் கையை நீட்டினார். ஆராய்ச்சியாளர் குப்பியை மடியில் வைத்துக்கொண்டார்.

“ஒரு சிட்டிகை போதும்மா.”

“அந்தச் சிட்டிகையில அவங்க சமையலறை இருந்தா என்ன சார் பண்றது? அவளுக்கு இது எட்டாவது மாசம்.”

பேராசிரியர் மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்தார். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. உலையை அணைத்துவிட்டு வந்து, அவர்களுக்குத் தண்ணீர் வசதி எப்படி என்று விசாரித்தார்.

மாதிரியில் ஆட்கள் குடியிருப்பதால் சாம்பல் சோதனை செய்யவில்லை என்ற ஒரு வரியோடு கட்டுரை வெளிவந்தது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது, ஓடவும் பழகியது. காலையில் கரிக்குள் ஓடப் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் திரும்புகிறாள். இதுவரை சுவரில் ஒரு தடவைகூட முட்டிக்கொண்டதில்லை.